ஒரு தட்டும் மூன்று நாடாக்களும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவை ஒட்டிய இந்த அமர்வில் கவிதையைப் பற்றிப் பேசத் தகுதி வாய்ந்தோர் பலர் இருக்கிறார்கள். எனக்கு ஒதுக்கிய நேரத்தில் நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் வேறு. அமெரிக்கக் கறுப்பின மக்கள் உருவாக்கி வளர்த்த ஜாஸ் இசையில் டெனர் சாக்ஸபோன் வாசித்த டீனா ப்ரூக்ஸ் என்பவரின் இசைப் பதிவுகளைப் பற்றி உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இதைக் கவிஞர்கள் கூடியிருக்கும் அவையில் ஏன் பேசவேண்டும் என்பதற்கான விடை உரையின் போக்கிலேயே கிடைக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1958 மார்ச்சுக்கும் 1961 மார்ச்சுக்கும் இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் டீனா ப்ரூக்ஸ் தாமே தலைமையேற்று நான்கு இசைத்தட்டுகளுக்கான பதிவுகளைச் செய்தார். நான்கையும் பதிவு செய்தது நியூயார்க்கின் ப்ளூ நோட் நிறுவனம். அவற்றுள் அவர் வாழ்நாளில் கடைக்கு வந்தது ஒன்றே ஒன்று: 1960இல் வெளியான ‘ட்ரூ ப்ளூ’. மற்ற மூன்றும் ஒலிநாடாக்களாக அலமாரியிலேயே இருந்தன. நான்கையும் தொடர்ந்து கேட்டால் மூன்று மணி நேரம்கூட ஆகாது. அவர் 1974இல், நாற்பத்திரண்டாம் வயதில் இறந்தார்.

இப்படிப்பட்ட வரலாற்றைச் சொன்னவுடன் கேட்பவர் மனத்தில் இரக்கம் சுரக்கும். அது இயல்பே. ஆனால் இரக்கத்தோடு கேட்கப்படும் இசை பாதிதான் கேட்கப்படுகிறது. புறக்கணிக்கப்பட்ட கலைஞருக்கு இரண்டு முறை அநீதி நேர்கிறது. உயிரோடிருந்தபோது அவரைக் கேட்காமல் விட்டது முதலாவது. இறந்தபின் அவருடைய துயரக் கதையை முன்னால் நிறுத்தி, படைப்பை அதற்குப் பின்னணி இசையாக ஆக்கிவிடுவது இரண்டாவது. முதல் அநீதியை நாம் மாற்ற முடியாது. இரண்டாவதைச் செய்யாமலிருப்பது நம் கையில் இருக்கிறது. ஆகவே, வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு இசைக்கு வருகிறேன்.

அவருடைய இயற்பெயர் ஹெரால்ட் ஃப்ளாய்ட் ப்ரூக்ஸ். 1932 ஜூன் 7ஆம் நாள் வட கரோலினா மாநிலத்தின் ஃபாயட்வில் நகரில் இரட்டைக் குழந்தைகளில் ஒருவராகப் பிறந்தார். சிறு உருவம் என்ற பொருளில் பள்ளிப் பருவத்தில் வழங்கிய ‘டீனி’ என்ற செல்லப்பெயர் ‘டீனா’வாகி நிலைத்துவிட்டது. ஆங்கிலத்தில் அது பெண்பெயராக ஒலிப்பதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இசைத்தட்டின் மேலுறையிலும் அப்பெயரையே அச்சிட்டார்கள். 1944இல் குடும்பம் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தது. மூத்த சகோதரர் டேவிட் ‘பப்பா’ ப்ரூக்ஸும் டெனர் சாக்ஸபோன் கலைஞரே.

இளமையில் அவருக்குச் சோறு போட்டது ஜாஸ் அன்று. நடனக் கூடங்களில் ஒலித்த ரிதம் அண்ட் ப்ளூஸ். 1950களின் தொடக்கத்தில் சன்னி தாம்ப்ஸன், சார்லஸ் பிரௌன், ஏமஸ் மில்பர்ன் போன்றோரின் குழுக்களில் வாசித்தார். 1955இல் லயனல் ஹாம்ப்டனின் பெருங்குழுவில் இருந்தார். பென்னி ஹாரிஸ் என்ற ட்ரம்பெட் கலைஞர் அவருக்கு நவீன ஜாஸின் நுட்பங்களில் வழிகாட்டியாக இருந்ததோடு, ப்ளூ நோட் நிறுவனத்தின் ஆல்ஃபிரட் லயனிடம் அவரைப் பரிந்துரைக்கவும் செய்தார்.

இந்த நிறுவனத்தைப் பற்றி இங்கே சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும். சிற்றிதழ்களோடு வளர்ந்த நம்மைப் போன்றவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆல்ஃபிரட் லயன் பெர்லினிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர். 1939இல் ப்ளூ நோட்டைத் தொடங்கினார். அவருடைய இளமைக்கால நண்பரும் நிழற்படக் கலைஞருமான ஃபிரான்சிஸ் வுல்ஃப் விரைவில் வந்து சேர்ந்துகொண்டார். முதலீடு சிறிது, ரசனை பெரிது. பதிவுக்கு முன் ஒத்திகை பார்ப்பதற்கும் கலைஞர்களுக்கு ஊதியம் கொடுத்த நிறுவனம் அது. அக்காலத்தில் இது வழக்கமான காரியம் அன்று. ஒலிப்பதிவைச் செய்த ரூடி வான் கெல்டர் தொழிலால் கண் பரிசோதகர். நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக்கில் தம் பெற்றோரின் வீட்டு வரவேற்பறையையே ஒலிப்பதிவுக் கூடமாக வைத்திருந்தார். 1959இல்தான் இங்கிள்வுட் கிளிஃப்ஸ் என்ற இடத்தில் தனிக் கூடம் கட்டிக்கொண்டார்.

அந்நிறுவனத்திற்கு ஒரு பழக்கம் இருந்தது. தன்னால் வெளியிட முடிந்ததைவிட அதிகமாகப் பதிவு செய்துகொண்டே இருந்தது. ஹேங்க் மோப்லி, கிரான்ட் கிரீன் போன்ற பெயர்பெற்ற கலைஞர்களின் பதிவுகளும்கூட அவ்வாறு தங்கிப்போயின. எனவே டீனா ப்ரூக்ஸை மட்டும் யாரோ திட்டமிட்டு ஒதுக்கினார்கள் என்று கொள்வதற்கில்லை. ஆனால் மோப்லிக்கு வெளிவந்த தட்டுகள் பல, தங்கியவை சில. ப்ரூக்ஸுக்கோ வெளிவந்தது ஒன்று, தங்கியது மூன்று. ஒரே பழக்கம் ஒருவருக்குச் சிறு இழப்பாகவும் மற்றொருவருக்கு முழு இழப்பாகவும் முடிந்தது.

இனி இசைக்கு வருவோம். ஜாஸ் ஐவர் குழு ஒன்றின் இசையமைப்பு பொதுவாக எப்படி அமையும் என்பதை முதலில் நினைவூட்டிவிடுகிறேன். ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிக்கும். பியானோ, டபிள் பேஸ், டிரம்ஸ் ஆகிய மூன்றும் அதற்கு ஆதாரமாக நிற்கும். மெட்டு முடிந்தபின் அதன் சுர இணைவுகளின் சட்டகம் மட்டும் சுழன்று சுழன்று வந்துகொண்டிருக்க, ஒவ்வொருவராக அதன்மீது தம் கற்பனையை விரிப்பார்கள். இறுதியில் மெட்டு மீண்டும் வரும். நம் இசையில் மனோதர்மம் என்று எதைச் சொல்கிறோமோ அது இங்கே ஒரு குறித்த அளவுள்ள யாப்புக்குள் நிகழ்கிறது. பன்னிரண்டு அலகுகள் கொண்ட ப்ளூஸ் ஒரு யாப்பு. முப்பத்திரண்டு அலகுகள் கொண்ட பாட்டு மற்றொரு யாப்பு. எல்லோருக்கும் யாப்பு ஒன்றே. அதற்குள் வாக்கியத்தை எங்கே தொடங்குகிறார், எங்கே முடிக்கிறார் என்பதில்தான் ஒருவரின் குரல் தெரியும்.

டீனா ப்ரூக்ஸின் குரலைக் கேட்கவும் இங்கிருந்துதான் தொடங்கவேண்டும். அவருடைய தொனி கனத்தது அன்று. அதே காலத்து டெனர் கலைஞர்கள் பலரிடம் கேட்கும் முரட்டு உறுதியும் அதில் இல்லை. சற்று மெலிந்த, ஓரத்தில் அழுகையின் சாயல் படிந்த, ஆனால் கண்ணீர் விடாத தொனி அது. மூத்த மேதை லெஸ்டர் யங்கின் இலகுவான நடை அதற்குள் இருக்கிறது. நடனக் கூடங்களில் கற்ற ப்ளூஸின் உப்பும் இருக்கிறது.

அதைவிட முக்கியமானது அவருடைய வாக்கிய அமைப்பு. அவர் யாப்பின் எல்லைக்கோட்டில் நிற்பதில்லை. நான்கு அலகுகளில் மற்றவர்கள் மூச்சு வாங்கும் இடத்தைக் கடந்து ஐந்தாவதிலோ ஆறாவதிலோ சென்று இறங்குகிறார். நீண்ட வாக்கியம், ஆனால் அவசரம் இல்லை. தமிழ்க் கவிஞர்களுக்கு இதைச் சொல்ல எளிய வழி ஒன்றுண்டு. நம் பழைய அகவற்பாக்களில் வினையெச்சமும் பெயரெச்சமும் ஒன்றையொன்று கைப்பிடித்து அடி அடியாக நகர, வினைமுற்று வெகுதூரத்தில் காத்திருக்கும். அடி முடிந்தாலும் கருத்து முடியாது. ப்ரூக்ஸ் சாக்ஸபோனில் எச்சங்களால் பேசுகிறவர். முற்று வரும் என்ற நம்பிக்கையைக் கேட்பவரிடம் ஏற்படுத்திவிட்டு, அதை ஒத்திப்போட்டுக்கொண்டே செல்கிறார். முற்று வரும்போதும் ஓங்கி அறைவதில்லை. கதவைச் சத்தமின்றிச் சாத்துவதுபோல் முடிக்கிறார். அவரைக் கவனிக்காமல் கடந்துபோவது எளிதாக இருந்ததற்கு இந்த நடையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

மற்றொரு கூறு, மைனர் சுரவரிசைகளில் அவருக்கிருந்த ஈடுபாடு. நம் நடபைரவி, கீரவாணி மேளங்களோடு ஒத்த சுரங்களைக் கொண்ட வரிசைகள் இவை. அவர் அமைத்த மெட்டுகளில் மீண்டும் மீண்டும் இந்த நிறமே வருகிறது. சோகத்தை அறிவிப்பதற்காக அவர் இதைப் பயன்படுத்தியதாக எனக்குத் தோன்றவில்லை. அந்திநேரத்தில் விளக்கேற்றாமல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவரின் அமைதி அதில் இருக்கிறது.

1958 பிப்ரவரி 25 அன்று ஆர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித் நடத்திய பதிவில் ப்ரூக்ஸ் ப்ளூ நோட்டுக்காக வாசித்தார். ‘தி செர்மன்’ என்ற, இருபது நிமிடத்துக்கும் நீண்ட ப்ளூஸ் அன்று பிறந்ததே. அதில் கிட்டார் கலைஞர் கென்னி பரல், ட்ரம்பெட் கலைஞர் லீ மார்கன், ஆல்ட்டோ சாக்ஸபோன் கலைஞர் லூ டொனால்ட்ஸன் என்று பலர் இருந்தும், ப்ரூக்ஸின் பகுதி தனித்துக் கேட்கிறது. அவர் அந்த ப்ளூஸை உரத்துச் சொல்லவில்லை, விளக்கிச் சொல்கிறார். மூன்று வாரங்கள்கூட முடியாத நிலையில், மார்ச் 16 அன்று, லயன் அவரைத் தலைமையேற்கச் செய்தார். அதுதான் ‘மைனர் மூவ்’.

அந்தப் பதிவில் அவருடன் இருந்தவர்கள் லீ மார்கன், பியானோவில் சன்னி கிளார்க், பேஸில் டக் வாட்கின்ஸ், டிரம்ஸில் ஆர்ட் பிளேக்கி. மார்கனுக்கு அப்போது வயது பத்தொன்பது. ஐந்து உருப்படிகள். ஜெரோம் கெர்ன் திரைப்படம் ஒன்றுக்காக 1936இல் இசையமைத்த ‘தி வே யூ லுக் டுநைட்’ என்ற காதல் பாட்டை இவர்கள் விரைவுகதியில் எடுத்துக்கொள்கிறார்கள். வேகம் கூடும்போது வாக்கியம் துண்டுபடுவதுதான் பொதுவாக நடப்பது. ப்ரூக்ஸிடம் அது நடப்பதில்லை. ஓடுகிறவர் பேசிக்கொண்டே ஓடுவதுபோல் கருத்து தொடர்கிறது. ‘எவ்ரிதிங் ஹேப்பன்ஸ் டு மீ’ என்ற மெதுவான பாட்டில் அவருடைய தொனியின் ஈரம் முழுதாகத் தெரிகிறது. இருபத்தைந்து வயதுக் கலைஞர் ஒருவரின் முதல் தொகுப்பு என்று நம்பமுடியாத முதிர்ச்சி அது.

அந்த முதல் தொகுப்பு 1980இல்தான், அதுவும் ஜப்பானில்தான், முதன்முதலாக வெளிவந்தது. அன்று அந்த ஐவரில் உயிரோடிருந்தவர் ஆர்ட் பிளேக்கி ஒருவரே. வாட்கின்ஸ் 1962இலும், கிளார்க் 1963இலும், மார்கன் 1972இலும், ப்ரூக்ஸ் 1974இலும் மறைந்துவிட்டிருந்தார்கள். இந்த ஒரு செய்தியை மட்டும் விளக்கம் ஏதும் சேர்க்காமல் உங்கள்முன் வைக்கிறேன்.

1960ஆம் ஆண்டின் கோடைக்காலம் ப்ரூக்ஸின் கலைவாழ்வின் உச்சம். ஜூன் 19 அன்று ஃப்ரெடி ஹப்பர்ட் என்ற இருபத்திரண்டு வயது ட்ரம்பெட் கலைஞரின் தலைமையில் ‘ஓப்பன் செஸமி’ பதிவாயிற்று. ஹப்பர்டுக்கு அதுவே முதல் தொகுப்பு. பியானோ வாசித்தவர் மெக்காய் டைனர். இவர் அவ்வாண்டிலேயே ஜான் கோல்ட்ரேனின் குழுவில் சேர்ந்து புகழடைந்தார். அலிபாபா கதையின் மந்திரச் சொல்லைத் தலைப்பாகக் கொண்ட அந்த முதல் உருப்படியையும், ‘ஜிப்ஸி ப்ளூ’ என்பதையும் அமைத்தவர் டீனா ப்ரூக்ஸ். சரியாக ஆறு நாள்கள் கழித்து, ஜூன் 25 அன்று, ப்ரூக்ஸ் தலைவராகவும் ஹப்பர்ட் துணையாகவும் இடம் மாற்றிக்கொண்டு ‘ட்ரூ ப்ளூ’வைப் பதிவு செய்தார்கள். பியானோவில் டியூக் ஜோர்டன், பேஸில் சாம் ஜோன்ஸ், டிரம்ஸில் ஆர்ட் டெய்லர்.

இந்த இரண்டு தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்பது நல்ல பயிற்சி. ஹப்பர்ட் பிரகாசமானவர். ஒவ்வொரு வாக்கியத்தையும் வெளிச்சத்தில் நிறுத்திக் காட்டுகிறார். ப்ரூக்ஸ் அவருக்குப் பக்கத்தில் நிழலைப்போல் நிற்கிறார். நிழல் என்று சொல்வது குறைத்துச் சொல்வதற்காக அன்று. வெயிலில் நடப்பவருக்கு நிழலின் மதிப்புத் தெரியும். ஹப்பர்ட் பின்னாளில் உலகப் புகழ் பெற்றார். அவருடைய முதல் தட்டின் வாசலை அவருக்குத் திறந்துவைத்த மெட்டு ப்ரூக்ஸுடையது என்பதைப் பலர் பார்த்ததில்லை.

‘ட்ரூ ப்ளூ’வின் ஆறு உருப்படிகளில் ஐந்து ப்ரூக்ஸ் அமைத்தவை. ‘குட் ஓல்ட் ஸோல்’ என்ற முதல் உருப்படியைக் கவனியுங்கள். மைனர் நிறத்தில், நிதானமான நடையில், தோளை அசைத்துக்கொண்டு வருவதுபோல் மெட்டு வருகிறது. அதைத் தொடர்ந்து ப்ரூக்ஸ் தம் கற்பனையை விரிக்கும்போது புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட பரபரப்பு எங்கும் இல்லை. ஏற்கனவே தொடங்கிய பேச்சைத் தொடர்கிறார், அவ்வளவே. ‘தீம் ஃபார் டோரிஸ்’ லத்தீன் அமெரிக்கத் தாளச் சாயலோடு தொடங்குகிறது. மெட்டு எளிமையானது, ஆனால் கேட்டபின் அகலுவதில்லை. நல்ல மெட்டு எது என்று கேட்டால், வேறொருவர் அதன்மீது சிந்திக்க இடம் கொடுப்பது என்பேன். இந்த ஐந்து மெட்டுகளிலும் அந்த இடம் இருக்கிறது.

அதே ஆண்டில் அவர் மற்றவர்களுக்காகச் செய்ததும் கொஞ்சமன்று. ஆகஸ்ட் 13 அன்று பியானோ கலைஞர் ஃப்ரெடி ரெட்டின் ‘ஷேட்ஸ் ஆஃப் ரெட்’ பதிவில் வாசித்தார். செப்டம்பர் 1 அன்று ஜாக்கி மெக்லீனின் ‘ஜாக்கீஸ் பேக்’ தொகுப்புக்கான பதிவு. அதிலுள்ள ‘ஐல் ஆஃப் ஜாவா’ ப்ரூக்ஸ் அமைத்தது. அதே நாளில் பதிவான ‘ஸ்ட்ரீட் சிங்கர்’ என்ற உருப்படியையும், அக்டோபர் 20 அன்று பதிவானவற்றையும் சேர்த்து ‘பேக் டு த ட்ராக்ஸ்’ என்ற தொகுப்பு உருவாயிற்று. ட்ரம்பெட்டில் ப்ளூ மிட்சல், பியானோவில் கென்னி ட்ரூ, பேஸில் பால் சேம்பர்ஸ், டிரம்ஸில் ஆர்ட் டெய்லர். இத்தொகுப்புக்கு 4052 என்று வரிசை எண் கொடுத்தார்கள். மேலுறையும் தயாராயிற்று. தட்டு வெளிவரவில்லை.

நண்பர்களே, தாமே புத்தகம் போட்டவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். அட்டை அச்சாகி, எண் கிடைத்து, நூல் மட்டும் கட்டுக்குள்ளேயே நின்றுபோவது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நான் உங்களைக் கேட்கச் சொல்வது அந்த ஏமாற்றத்தை அன்று. ‘ஸ்ட்ரீட் சிங்கர்’ உருப்படியைக் கேளுங்கள். மெக்லீனின் ஆல்ட்டோ சாக்ஸபோன் கூர்மையாக, சற்றே புளிப்பாக ஒலிக்கும். ப்ரூக்ஸின் டெனர் அதற்கு மறுமொழியாக வளைந்து செல்லும். மிட்சலின் ட்ரம்பெட் இருவருக்கும் நடுவே வெதுவெதுப்பாக நிற்கும். மூவரும் ஒரே துயரத்தை மூன்று மனிதர்களாக அறிந்திருக்கிறார்கள். ஏமாற்றத்தின் சுவடு எதுவும் இந்த இசையில் இல்லை. வாசித்த நாளில் அவர் ஏமாற்றமடைந்தவர் அல்லர். தம் மொழியை முழுமையாக அடைந்துவிட்ட இருபத்தெட்டு வயதுக் கலைஞர்.

இக்காலத்தில் அவருக்கு நாடகத் தொடர்பும் ஒன்று இருந்தது. ஜாக் கெல்பர் எழுதிய ‘தி கனெக்‌ஷன்’ என்ற நாடகத்தை லிவிங் தியேட்டர் குழு 1959இல் நியூயார்க்கில் அரங்கேற்றியது. போதை மருந்துக்காகக் காத்திருக்கும் மனிதர்களைப் பற்றிய நாடகம். இசைக் கலைஞர்களே மேடையில் பாத்திரங்களாக அமர்ந்து வாசிப்பார்கள். ஃப்ரெடி ரெட் அதற்கு இசையமைத்தார். மெக்லீன் மேடையில் வாசித்தார். அவர் வர இயலாதபோது மாற்றாக நிற்பவராக டீனா ப்ரூக்ஸ் இருந்தார். மேடையில் நடித்துக் காட்டப்பட்ட அந்த நோய் அக்காலத்து ஜாஸ் உலகில் பலரைப் பிடித்திருந்தது. ப்ரூக்ஸும் அதற்குத் தப்பவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் நான் பேசப்போவதில்லை. போதைப் பழக்கம் அவருடைய உடலைக் கொன்றதில் ஐயமில்லை. அது அவருடைய இசையை உண்டாக்கியது என்று நம்புகிறவர்கள் எல்லா மொழிகளிலும் இருக்கிறார்கள். கவிஞர்களிடையே அந்த நம்பிக்கை இன்னும் அதிகம். அதே மருந்து எத்தனையோ பேரை அழித்தது. அவர்களில் ‘குட் ஓல்ட் ஸோல்’ எழுதியவர் ஒருவரே. அந்த மெட்டைக் கொடுத்தது பயிற்சியும் செவியும் உழைப்பும்.

1961 மார்ச் 2 அன்று கடைசித் தொகுப்பு பதிவாயிற்று: ‘தி வெய்ட்டிங் கேம்’. காத்திருத்தலின் ஆட்டம் என்று பெயர். ட்ரம்பெட்டில் ஜானி கோல்ஸ், பியானோவில் கென்னி ட்ரூ, பேஸில் வில்பர் வேர், டிரம்ஸில் ஃபிலி ஜோ ஜோன்ஸ். இதில் ‘த்யானா’ என்று ஓர் உருப்படி இருக்கிறது. நமக்கு விளக்கம் தேவைப்படாத பெயர். அதில் இந்திய இசையைத் தேடவேண்டியதில்லை. அது முழுக்க முழுக்க நியூயார்க்கின் ஜாஸ்தான். ‘டேவிட் த கிங்’ என்பதில் இதுவரை இல்லாத ஓர் இருண்ட கம்பீரம் சேர்ந்திருக்கிறது. ‘ஸ்ட்ரேன்ஜர் இன் பாரடைஸ்’ பாட்டின் மெட்டு ரஷ்ய இசைமேதை போரடினுடையது. அவருடைய இசைநாடகத்தில் வரும் நடன இசையிலிருந்து 1953இன் அமெரிக்க மேடைநாடகம் ஒன்று அதை எடுத்துக்கொண்டது. அங்கிருந்து ப்ரூக்ஸ் எடுத்துக்கொள்கிறார். இத்தனை கைகள் மாறியும் அவரிடம் வரும்போது அது அவருடையதாகவே ஒலிக்கிறது.

இதற்குப்பின் அவர் எந்த இசைத்தட்டிலும் இல்லை. எஞ்சிய பதின்மூன்று ஆண்டுகள் பதிவற்ற ஆண்டுகள். 1974 ஆகஸ்ட் 13 அன்று நியூயார்க்கில் காலமானார்.

ஏன் கவனிக்கப்படாமல் போனார் என்ற கேள்விக்கு நேர்மையான விடையும் வேண்டும். ‘ட்ரூ ப்ளூ’ வெளியான காலத்தில் ஜாஸின் செவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. 1959 நவம்பரில் ஆர்னெட் கோல்மன் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் அரங்கில் வாசிக்கத் தொடங்கி, இசையின் சட்டகத்தையே கேள்விக்குள்ளாக்கியிருந்தார். கோல்ட்ரேன் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ தட்டின் மூலம் சட்டகத்தின் எல்லையைத் தொட்டிருந்தார். சன்னி ராலின்ஸ் மேடையிலிருந்து விலகி வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் தனியே பயிற்சி செய்துகொண்டிருந்தார். அவருடைய மௌனம்கூடச் செய்தியாயிற்று. இந்தப் பேரொலிகளுக்கு நடுவே, இருக்கும் சட்டகத்துக்குள்ளேயே அழகாகப் பேசிக்கொண்டிருந்த ஒருவர் செய்தியாக முடியவில்லை. சொந்தமாக நிலையான குழுவும் அவருக்கு அமையவில்லை.

அவரைக் கோல்ட்ரேனுக்கு நிகரானவர் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வது அவருக்குச் செய்யும் உதவியும் அன்று. மறக்கப்பட்டவரை மீட்கப் புறப்படுகிறவர்கள் செய்யும் பொதுவான தவறு, அவரை மலையாக்கிக் காட்டுவது. மலையைத் தேடி வருகிறவர் ஏமாந்து திரும்பிவிடுவார். ப்ரூக்ஸ் புதிய மொழியைப் படைத்தவர் அல்லர். இருந்த மொழியில் பிழையறவும் அழகாகவும் தம் குரலிலும் பேசியவர். ஒரு மொழி வாழ்வது அதை உடைத்துப் புதுக்குகிறவர்களால் மட்டுமன்று. அதில் முழுமையான வாக்கியம் ஒன்றை எழுதிவிட்டுப் போகிறவர்களாலும்தான். அத்தகையவர்களை அளக்க நம்மிடம் பெரும்பாலும் அளவுகோல் இருப்பதில்லை. ‘புரட்சி செய்தாரா?’ என்று கேட்கிறோம்; இல்லை என்றதும் அடுத்தவரிடம் போய்விடுகிறோம். ‘இவர் சொன்னதை வேறு யாராவது இப்படிச் சொல்லியிருக்கிறார்களா?’ என்பது இன்னும் நல்ல கேள்வி. டீனா ப்ரூக்ஸைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு விடை இல்லை என்பதே.

அவர் நமக்குக் கிடைத்தது எப்படி என்பதையும் சொல்லவேண்டும். 1970களின் நடுவில் மைக்கேல் கஸ்குனா என்ற இளம் தயாரிப்பாளர் ப்ளூ நோட்டின் கிடங்கில் வெளிவராத நாடாக்களை ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். பின்னர் சார்லி லூரி என்பவரோடு சேர்ந்து மொசைக் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். 1985இல் அந்நிறுவனம் ப்ரூக்ஸின் நான்கு பதிவுகளையும் நான்கு தட்டுகளாக ஒரே பெட்டியில் வெளியிட்டது. முழுமையான டீனா ப்ரூக்ஸ் அன்றுதான் உலகுக்குக் கிடைத்தார். இறந்து பதினொரு ஆண்டுகளுக்குப் பின். அந்தப் பதிவுகளைச் செய்த ஆல்ஃபிரட் லயன் அப்போது உயிரோடிருந்தார், 1987இல் மறைந்தார். கஸ்குனா 2024இல் காலமானார். பின்னாளில் குறுந்தகடுகளும் வந்தன.

இந்த வரலாற்றில் இரண்டு செயல்கள் இருக்கின்றன. விற்காது என்று தெரிந்தாலும் பதிவு செய்து பத்திரப்படுத்தியது ஒன்று. யாரும் கேட்காத நாடாவை எடுத்துக் கடைசிவரை கேட்டது மற்றொன்று. இரண்டுமே பெருநிறுவனங்களின் குணம் அன்று. ரசனை கொண்ட சிலர் கூடிச் செய்யும் காரியம். முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவதற்கு வழியே இல்லை. அச்சேறாத எத்தனையோ கவிதைகள், எழுதியவர் மறைந்ததும் பழைய காகிதத்தோடு எடைக்குப் போய்விடுகின்றன. அவற்றைத் தேடி ஒரு கஸ்குனா வந்தாலும் அவருக்குக் கிடைக்க அலமாரியில் எதுவும் இராது.

ஆகவே பத்தாண்டு நிறைவில் வட்டத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். மாதந்தோறும் இங்கே படிக்கப்படும் கவிதைகளில் அச்சாகிறவை சிலவே. அச்சாகாதவற்றின் ஒரு படியைத் தேதியிட்டு, எழுதியவரின் ஒப்புதலோடு, ஒரு பெட்டியில் வைக்கத் தொடங்குவோம். தேர்வு செய்யவேண்டாம், தரம் பிரிக்கவேண்டாம். அந்த வேலையை நமக்குப் பின்வரும் செவிகளுக்கு விட்டுவிடுவோம். செலவு அதிகமில்லை, ஒரு பெட்டியும் ஒழுங்கும் போதும்.

கேட்க விரும்பும் நண்பர்களுக்கு ஒரு சொல். ‘ட்ரூ ப்ளூ’விலிருந்து தொடங்குங்கள். அடுத்து ‘பேக் டு த ட்ராக்ஸ்’. பிறகு ‘மைனர் மூவ்’. கடைசியாக ‘தி வெய்ட்டிங் கேம்’. முதல் முறை கேட்கும்போது நான் இன்று சொன்ன வாழ்க்கைக் கதையை ஒதுக்கி வையுங்கள். அந்த மனிதர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். கவிதை எழுதுகிறவர்களுக்கு அது போதும்.